ஒருவரும் மிஞ்சாத அணி

2024 வசந்தகாலத்தில் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணியில், முந்தைய சீசனில் ஸ்காலர்ஷிப்போடு ஆடிய பையன்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ரீட் ஷெப்பர்டும் ராப் டில்லிங்கமும் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்குப் போனார்கள். டி.ஜே. வாக்னர், அடூ தியேரோ, ஸ்வோனிமிர் இவிசிச் மூவரும் பழைய பயிற்சியாளர் ஜான் கேலிபரியின் பின்னாலேயே ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார்கள். ஏரன் பிராட்ஷா ஒஹையோ ஸ்டேட்டுக்கு, உகோனா ஒன்யென்சோ கன்சாஸ் ஸ்டேட்டுக்கு. வரவேண்டிய புதுப் பையன்களில் பூகி ஃப்ளேண்ட், கார்ட்டர் நாக்ஸ், பில்லி ரிச்மண்ட் மூவரும் மனம் மாறி அதே ஆர்கன்சாவில் சேர்ந்துவிட்டார்கள். எட்டு முறை தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிய அணி இது. நான் குடியிருக்கும் லெக்சிங்டனில் மளிகைக்கடை வரிசையில் நிற்கிறவர்கூட அணியின் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர், பற்றி ஒரு கருத்து வைத்திருப்பார். அந்த நாட்களில் அவர்களுக்குப் பேச ஆட்டக்காரர் யாருமே இல்லை.

ஜான் கேலிபரி இங்கே 15 வருடம் இருந்தார். பள்ளி முடித்து வரும் நாட்டின் மிகச் சிறந்த பையன்களைக் கூட்டிவந்து, ஒரே வருடம் ஆடவைத்து, என்.பி.ஏ.வுக்கு அனுப்புவது அவர் வழி. 2012-இல் அந்த வழியில்தான் பட்டம் வென்றார். அப்புறம் காலம் மாறியது. கொரோனா காலத்தில் ஆடியவர்களுக்குக் கூடுதலாக ஒரு வருடம் கிடைத்தது. 2021-இலிருந்து ஒருமுறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டியதில்லை என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. விதியைத் தளர்த்தியது. அதே வருடம் ஜூலையில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கவும் வழி திறந்தது. விளைவு, 22, 23 வயது முதிர்ந்த ஆட்டக்காரர்கள் எல்லா அணிகளிலும் நிறைந்தார்கள். 18 வயதுத் திறமைசாலிகள் அவர்கள்மீது மோதித் திணறினார்கள்.

2024 மார்ச் 21 அன்று நடந்ததும் அதுதான். மார்ச் மேட்னஸ் என்ற தேசியக் கல்லூரிப் போட்டியின் முதல் சுற்றில் ஓக்லண்ட் என்ற சின்னப் பல்கலைக்கழகம் 80-76 என்று கென்டக்கியைத் தோற்கடித்தது. ஜாக் கோல்கி என்ற ஒருவர் மட்டும் 10 மூன்று புள்ளி எறிகளைப் போட்டார். அவர் அதற்கு முன் ஆடியது ஹில்ஸ்டேல் என்ற இரண்டாம் பிரிவுக் கல்லூரியில். அங்கே படிப்பை முடித்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு வருடத்துக்காக ஓக்லண்டுக்கு மாறிவந்தவர். கென்டக்கி பக்கத்தில் என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் அடுத்த ட்ராஃப்டில் மூன்றாவதாகவும் எட்டாவதாகவும் எடுக்கப்பட்ட இரண்டு பேர் இருந்தார்கள். அன்றைய ஆட்டத்தில் யாருக்குத் தன் வேலை என்ன என்று தெளிவாகத் தெரிந்திருந்தது என்பதைப் பார்த்தால் கோல்கியைத்தான் சொல்வேன்.

கேலிபரி போனதும் யார் வருவார் என்று ஊரே பெரிய பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பேலர் பயிற்சியாளர் ஸ்காட் ட்ரூ நான் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கடைசியில் வந்த பெயர் மார்க் போப். 1996-இல் கென்டக்கி பட்டம் வென்றபோது அணித்தலைவர்களில் ஒருவர். ஆனால் பயிற்சியாளராக, மார்ச் போட்டியில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. ஓக்லண்டிடம் நாம் தோற்ற அதே நாளில் அவர் அப்போது பயிற்சியளித்த பிரிகம் யங் பல்கலைக்கழக அணியும் டுகேனிடம் முதல் சுற்றிலேயே தோற்றிருந்தது. செய்தி வந்த இரவு இங்கே பலர் கொதித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்றிரவு தொலைக்காட்சியையே அணைத்துவிட்டாராம். அவர் கிழக்குக் கென்டக்கி மலைப்பகுதிக்காரர், இந்த அணியோடு வளர்ந்தவர்.

இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 14 ஞாயிற்றுக்கிழமை, கென்டக்கியின் சொந்த அரங்கமான ரப் அரீனாவில் போப்பை அறிமுகப்படுத்தினார்கள். ஒரு பத்திரிகையாளர் சந்திப்புக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. ஏறத்தாழ 20,000 பேர். உள்ளே இடம் கிடைக்காமல் திரும்பியவர்களும் உண்டு. 1996 அணியின் பழைய நண்பர்களோடு பேருந்தில் வந்து இறங்கினார் போப். தன்னிடம் ஆட்டக்காரர்கள் யாரும் இல்லாத ஒருவரைப் பார்த்து 20,000 பேர் எழுந்து நின்று கத்தியதை நான் ரொம்பநாள் மறக்கமாட்டேன். அதில் நம்பிக்கையைவிடத் தவிப்புதான் அதிகம் என்று அப்போது பட்டது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

போப்பைப் பற்றி இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம், அவரே கல்லூரி மாறி வந்தவர் என்பது. முதலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆடினார். அங்கே பயிற்சியாளர் மாறியபோது கிளம்பி, கென்டக்கியின் அன்றைய பயிற்சியாளர் ரிக் பிட்டினோவிடம் வந்தார். அந்தக் கால விதிப்படி ஒரு வருடம் ஆடாமல் உட்கார்ந்தார். அப்புறம் இரண்டு சீசன்கள்தான் ஆடினார், அணித்தலைவர் ஆனார், பட்டத்தோடு போனார். பிற்காலத்தில் கொலம்பியாவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டுப் பயிற்சியாளர் வேலைக்கு வந்தவர். இரண்டே வருடத்தில் ஒருவன் ஒரு ஊரின் ஆள் ஆகிவிட முடியும் என்பதை அவர் தன் அனுபவத்தில் அறிந்திருந்தார். அந்த வசந்தகாலத்தில் அவர் அழைத்த ஒவ்வொரு ஆட்டக்காரரிடமும் சொல்ல அவரிடம் இருந்த மிகப் பெரிய சான்று அவர் வாழ்க்கையேதான்.

சரி, ஆள் சேர்ப்புக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி இதுதான். நான் பள்ளியிலும் கல்லூரியிலும் பந்தைக் கொண்டுபோகும் இடத்தில் ஆடியவன். அதனால் ஒரு அணியைப் பார்த்தால் யார் யாருக்குப் பந்து கொடுப்பார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். போப்பின் ஆட்டமுறையில் சென்டர், அதாவது அணியின் மிக உயரமான ஆள், கூடைக்கு அடியில் நின்று பந்துக்காகக் கையை உயர்த்துகிறவர் அல்ல. மேலே வந்து பந்தை வாங்கி, சுற்றி ஓடுகிறவர்களுக்குப் பாஸ் கொடுக்கிறவர். மற்ற நால்வரும் வெளியே பரவி நிற்பார்கள், வெட்டி ஓடுவார்கள், மூன்று புள்ளி எறிவார்கள். அதனால் பாஸ் கொடுக்கத் தெரிந்த உயரமான ஆள் கிடைக்காவிட்டால் மற்றது எதுவும் நடக்காது.

அந்த ஆளை அவர் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் நாட்டிங்கம்காரரான அமாரி வில்லியம்ஸ். தன் கான்ஃபரன்ஸில், அதாவது தன் கல்லூரி ஆடும் லீகில், மூன்று முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர். ரீபவுண்ட் எடுத்தால் அவரே பந்தைத் தட்டிக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பார். அந்த உயரத்தில் ஒரு சென்டர் அப்படி வருவதைப் பார்க்கும் சந்தோஷமே தனி. அவருக்கு மாற்றாக ஓக்லஹோமா ஸ்டேட்டிலிருந்து பிராண்டன் கேரிசன், அவரும் பாஸ் கொடுக்கத் தெரிந்தவர்.

அப்புறம் வெளியிலிருந்து எறிகிறவர்கள். டேட்டனின் கோபி பிரெயா முந்தைய சீசனில் மூன்று புள்ளி எறிகளில் 49.8 சதவீதம் போட்டு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தவர். ஜாக்சன் ராபின்சன் பிரிகம் யங்கில் போப்பிடமே ஆடியவர். ட்ராஃப்டிலிருந்து பெயரை விலக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தார். ஃபேர்லி டிக்கின்சனிலிருந்து ஆன்ஸ்லி அல்மனார். 2023 மார்ச் போட்டியில் 16-ஆம், அதாவது கடைசி, தரவரிசையில் இருந்துகொண்டு பர்டூவைக் கவிழ்த்த அந்தக் குட்டிக் கல்லூரி அணியில் இருந்தவர். எதிரணியின் சிறந்த கார்டைப் பூட்டிப்போட சான் டியேகோ ஸ்டேட்டின் லமான்ட் பட்லர். 2023 அரையிறுதியில் கடைசி நொடியில் எறிந்து தன் அணியை இறுதிக்குக் கொண்டுபோன கை அவருடையது. வேக் ஃபாரஸ்டிலிருந்து ஆண்ட்ரூ கார். வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து எஸ்தோனியாக்காரர் கெர் க்ரீசா. ஓக்லஹோமாவிலிருந்து ஒடேகா ஓவே.

இந்தப் பட்டியலை நிதானமாகப் பார்த்தால் ஒன்று தெரியும். இவர்களில் யாரும் பெரிய நட்சத்திரமாக வரவில்லை. ஒவ்வொருவரும் நிச்சயமாகச் செய்து காட்டிய ஒரு வேலையோடு வந்தார்கள். பெரும்பாலோருக்கு இது கடைசி வருடம். எல்லோரும் போய்விட்டார்கள் என்று ஊர் அழுதுகொண்டிருந்தபோது, அந்த வெறுமை போப்புக்கு உதவியாகவே இருந்தது என்பது என் கணிப்பு. வேறொருவர் வேறொரு ஆட்டமுறைக்காகச் சேர்த்துவைத்த நான்கைந்து பேர் மிஞ்சியிருந்தால், அவர்களை வைத்து இரண்டும் கெட்டானாக ஏதோ செய்திருப்பார். யாருக்கும் வாக்குக் கொடுக்காத நிலையில், சென்டரிலிருந்து தொடங்கித் தனக்கு வேண்டிய வரிசையில் சேர்க்க முடிந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் எடுத்த உதாரணம் 1989. விதிமீறல்களுக்காக கென்டக்கி தண்டிக்கப்பட்டு, இரண்டு வருடம் மார்ச் போட்டிக்கே போகக்கூடாது என்று தடை வந்த நேரம். நல்ல ஆட்டக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். பிட்டினோ என்.பி.ஏ.வின் நியூயார்க் நிக்ஸ் அணியை விட்டுவிட்டு வந்தபோது ஸ்காலர்ஷிப்பில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். முதல் வருடம் 14 வெற்றி, 14 தோல்வி. ஜான் பெல்ஃப்ரி, ரிச்சி ஃபார்மர், டெரன் ஃபெல்ட்ஹாஸ், ஷான் வுட்ஸ் என்ற நால்வர் கிளம்பாமல் கடைசிவரை இருந்தார்கள். முதல் மூவரும் இந்த மாநிலத்தின் சின்ன ஊர்ப் பையன்கள். 1992-இல் அவர்கள் டியூக்கோடு ஆடி, கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் கிறிஸ்டியன் லேட்னரின் எறியில் 104-103 என்று தோற்றார்கள். பட்டமே வெல்லாத அந்த நால்வரின் ஜெர்சிகளும் அரங்கத்தின் கூரையில் தொங்குகின்றன. மறக்க முடியாதவர்கள் என்பதுதான் அவர்களுக்கு ஊர் வைத்த பெயர். இருந்ததாலதான் அவர்களுக்கு அந்த இடம், ஜெயித்ததால் இல்லை என்றார் பெரியவர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எனக்கு அதற்குச் சரியான பதில் அன்றைக்கும் இல்லை.

உள்ளூர் வேரைப் போப்பும் விட்டுவிடவில்லை. மாநிலத்தின் மேற்கிலுள்ள லயன் கவுண்டியின் ட்ராவிஸ் பெரி, 1956-லிருந்து நின்ற மாநிலப் பள்ளிப் புள்ளிச் சாதனையை முறியடித்தவர். கேலிபரி போனபின்பும் வாக்கு மாறாமல் நின்றார். 2024 மார்ச்சில் ரப் அரீனாவில் நடந்த மாநிலப் பள்ளி இறுதிப்போட்டியில் பெரியின் அணி தோற்கடித்தது கிழக்கு மலைப்பகுதியின் ஹார்லன் கவுண்டியை. அங்கே ஆடிய ட்ரென்ட் நோவா, சவுத் கரோலைனாவில் கையெழுத்துப் போட்டிருந்தும் அதிலிருந்து விடுபட்டு இங்கே வந்தார். இறுதிப்போட்டியில் எதிரெதிராக நின்ற இரண்டு பையன்கள் அதே தரையில் ஒரே ஜெர்சியில். பெரியவர் மனம் இளகியது அந்தச் செய்தியில்தான்.

சீசன் தொடங்கிய சில நாட்களிலேயே பதில் வர ஆரம்பித்தது. நவம்பர் 12, அட்லாண்டாவில் டியூக். அவர்களிடம் நாடே பேசிய இளம் நட்சத்திரம் கூப்பர் ஃப்ளாக் இருந்தார். பாதி ஆட்டத்தில் பின்தங்கியிருந்த கென்டக்கி 77-72 என்று ஜெயித்தது. கடைசி நிமிடத்தில் ஃப்ளாக்கின் கையிலிருந்து பந்தைப் பறித்தவர் ஓவே. டிசம்பரில் சியாட்டிலில் கன்சாகா, பாதியில் 16 புள்ளி பின்னால், பட்லர் காயத்தில் வெளியே. அதையும் கூடுதல் நேரத்தில் 90-89 என்று எடுத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் லூயிவில். பட்லர் எறிந்த பத்தும் உள்ளே போயின, 33 புள்ளி. ஜூனில் ஒருவரையொருவர் முதல்முதலாகப் பார்த்தவர்கள் எப்படி இவ்வளவு கண்ணை மூடிக்கொண்டு பாஸ் கொடுக்கிறார்கள் என்று வியந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை வயதுதான் காரணம். 22 வயதில், கடைசி வருடத்தில், தன் புள்ளிக் கணக்கை மட்டும் வளர்க்க நேரமில்லை என்று ஒருவனுக்குத் தெரிந்துவிடும்.

லூயிவில் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் எங்கள் பரம எதிரி, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். முந்தைய இரண்டு சீசன்களில் 4 வெற்றி 28 தோல்வி, 8-24 என்று தரைமட்டமாகியிருந்தார்கள். அதே வசந்தகாலத்தில் பேட் கெல்சி வந்து முற்றிலும் புது அணி சேர்த்து 27-8 ஆக்கினார். மிச்சிகனில் டஸ்டி மே 8-24 அணியை எடுத்து 27-10 ஆக்கினார். 2023-இல் பட்லரின் எறி தோற்கடித்தது மேயின் அப்போதைய அணியைத்தான்.

இப்படிச் சேர்த்த அணியின் பலவீனம் ஜனவரியில் வெளியே வந்தது. க்ரீசா கன்சாகா ஆட்டத்திலேயே கால் உடைந்து உட்கார்ந்துவிட்டார். பட்லரின் தோள், ராபின்சனின் மணிக்கட்டு. பந்தைக் கொண்டுபோக ஆளில்லை. நான்கு வருடமாக ஒரே முறையில் வளர்ந்த அணியில் மூன்றாவது வருடக்காரன் ஒருவன் பெஞ்சில் காத்திருப்பான். இங்கே ஒவ்வொரு இடத்துக்கும் அளந்து எடுத்த ஆள், அவன் போனால் அந்த இடம் காலி. முதல் வருடக்காரரான பெரியைப் பாயின்ட் கார்டாக நிறுத்தி, முதிர்ந்த கார்டுகளின் எதிரே அவர் தவிப்பதைப் பார்ப்பது எனக்கு வேதனையாக இருந்தது. தென்கிழக்குக் கான்ஃபரன்ஸில் 10-8 என்று முடிந்ததற்கு இதுதான் பெரிய காரணம்.

பிப்ரவரி 1 அன்று கேலிபரி ஆர்கன்சாவோடு ரப் அரீனாவுக்கு வந்தார். இங்கிருந்து போன பையன்களும் சிவப்பு ஜெர்சியில். 89-79 என்று அவர்கள் ஜெயித்தார்கள். அன்று அவரைப் பார்த்து எழுந்த கூச்சல் எனக்குப் பிடிக்கவில்லை. 2012 பட்டத்தை இந்த ஊருக்குக் கொடுத்தவர் அவர். அவரும் ஆர்கன்சாவில் இதே நிலையில்தான் தொடங்கினார். அணியைச் சந்தித்தேன், அணியே இல்லை என்று வந்த புதிதில் அவரே சொன்னார். அந்த மார்ச்சில் அவரும் கடைசி 16 வரை போனார்.

மார்ச் 4, கடைசி வருடக்காரர்களை வழியனுப்பும் சீனியர் இரவு. லூயிசியானா ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டம். அந்த இரவைத் தொலைக்காட்சியில் பார்த்தேன், மறக்க மாட்டேன். மரபுப்படி, நான்கு வருடம் ஆடியவர்கள் பெற்றோரோடு மைதானத்தின் நடுவே நடந்து வருவார்கள், மாநிலப் பாடல் ஒலிக்கும், அரங்கம் அழும். இந்த முறை நடந்து வந்தவர்கள் கோடையில் வந்து சேர்ந்தவர்கள். நாட்டிங்கம்காரர் வில்லியம்ஸ், கலிஃபோர்னியாக்காரர் பட்லர், கார், பிரெயா, ராபின்சன், அல்மனார். சடங்காகப் போய்விடுமோ என்று பயந்தேன். அப்படி ஆகவில்லை. கையில் கட்டோடு நின்ற ராபின்சனுக்கு எழுந்த ஆரவாரத்தைக் கேட்டிருக்க வேண்டும். இந்த ஊர் அவர்களை நேசித்தது, அந்த நேசம் பொய்யில்லை. பெரியவர் என்னிடம், இந்தப் பையன்கள் இன்னும் ஒரு வருடம் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். அதுதான் அவர் வாயிலிருந்து அந்த அணிக்கு வந்த பெரிய பாராட்டு.

மார்ச் போட்டியில் ட்ராயையும் இலினாயையும் தாண்டி, 2019-க்குப் பிறகு முதல்முறையாகக் கடைசி 16-க்கு வந்தார்கள். இண்டியானாபொலிஸில் டென்னசி, சீசனில் இரண்டு முறை நாம் ஜெயித்த அணி, மூன்றாவது முறை 78-65 என்று நிறுத்தியது. மொத்தம் 24 வெற்றி, 12 தோல்வி. அந்த ஆண்டு ட்ராஃப்டின் இரண்டாம் சுற்றில் பிரெயாவும் வில்லியம்ஸும் எடுக்கப்பட்டார்கள்.

அப்புறம், கல்லூரி மாற நினைக்கிறவர்கள் பெயர் பதியும் போர்ட்டல் மறுபடி திறந்தது. ட்ராவிஸ் பெரி கிளம்பி மிசிசிப்பிக்குப் போய்விட்டார். எல்லோரும் ஓடியபோது நின்ற பையன் அவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, 19 வயதில் ஆட நிமிடங்கள் வேண்டும் என்று நினைப்பது நியாயம். ஆனால் வலித்தது. மறுபக்கம், கென்டக்கியில் சேர இருந்து, 2024-இல் கேலிபரி போனதும் மனம் மாறி அரிசோனா ஸ்டேட்டுக்குப் போன ஜேடன் குவைன்டன்ஸ் இந்த முறை இங்கே வந்தார். இந்தக் காலத்தில் யார் வந்தவர், யார் போனவர் என்று கணக்கு வைப்பதே கஷ்டம்.

2025 மே மாதக் கடைசியில் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பெயரைத்தான். ஓவே ட்ராஃப்டுக்குப் பெயர் கொடுத்திருந்தார். அணியில் அதிகம் புள்ளி எடுத்தவர், ஆட்டத்துக்கு 16-க்கு மேல். தன் பழைய ஓக்லஹோமாவையே ஒரே சீசனில் இரண்டு முறை கடைசி நொடிகளில் கவிழ்த்தவர். அவர் பெயரை விலக்கிக்கொண்டு இன்னொரு வருடம் இருக்கிறேன் என்றார். கேரிசன், நோவா, பிரிகம் யங்கில் சேர இருந்து போப்போடு வந்த காலின் சாண்ட்லர் ஆகியோரும் தங்கினார்கள். போப் புதிதாகச் சேர்த்த பெரிய பெயர்களைவிட இந்த நால்வர்தான் எனக்கு முக்கியமாகப் பட்டார்கள். செய்தி வந்ததும் வேலியருகே போய்ப் பெரியவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது.